மதுரையில் குடியை நிறுத்த உதவும் மீட்டிங்கைக் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த நினைப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்கும் கூட்டங்கள் மதுரையில் நடக்கின்றன. பெரும்பாலும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள்தான். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். கட்டணம் கிடையாது. போர்டு, போஸ்டர், நோட்டீஸ் எதுவும் பெரிதாகக் கண்ணில் படாது. அதனால்தான் தேடுவது சிரமமாக இருக்கிறது.

என் சித்தப்பாவுக்காக இதைத் தேட ஆரம்பித்தேன். அப்புறம் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரோடு வாசல் வரை போயிருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். விலாசத்தைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது ஆளை. மீட்டிங் நடக்கும் அறை மாறும், கிழமை மாறும், நேரம் மாறும். குழுவில் இருக்கிற ஒருவருடைய போன் எண் கையில் இருந்தால் இவை எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். கீழே உள்ள வரிசை முழுக்க அந்த ஒருவரைச் சென்றடைவதற்குத்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தனியாகப் பேச ஓர் இடமும் சார்ஜ் உள்ள போனும் வேண்டும். எண்களைக் குறித்துக்கொள்ள ஒரு தாள் வேண்டும். போனிலேயே சேமித்தால் போதாதா என்றால், போதாது. குடிக்கிற காலத்தில் போன் தொலையும், உடையும், அடகுக்குப் போகும். தாள் சட்டைப் பையில் இருக்கட்டும். அதோடு ஒரு மாலை நேரத்தில் போய்வர மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. முதலில் உடம்பைப் பாருங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உயிர். பல வருடமாகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காமல் போகலாம். கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், இல்லாத குரல் கேட்கும், இடம் நேரம் புரியாமல் போகும். அந்தக் கட்டத்தில் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள்.

நம் பக்கத்தில் இது அதிகம் நடப்பது கார்த்திகை மாதத்தில். மாலை போட்ட அன்றே குடியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மூன்றாம் நாள் உளற ஆரம்பித்தால், வீட்டில் உள்ளவர்கள் அதை சாமி வந்ததாக நினைத்து விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அது மருத்துவ அவசரம். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவரும், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவரும் மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்தவே கூடாது.

எங்கே போவது? மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில், அதாவது நம் பெரியாஸ்பத்திரியில், மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டு, 'குடியை நிறுத்தணும்' என்று நேராகச் சொல்லுங்கள். 'வயிற்று வலி' என்று சுற்றி வளைத்தால் வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள், அந்த நாள் வீணாகும். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்க்காரர்கள் தங்கள் ஊர் அரசு மருத்துவமனையில், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஆள் சோர்ந்து கிடக்கிறார் என்று பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது வழக்கம். ஏற்றும் முன், தினமும் குடிப்பவர் என்பதை அவசியம் சொல்லுங்கள். இவர்களுக்கு பி1 வைட்டமின் குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படக் கூடும்.

மீட்டிங்கில் இருப்பவர்கள் டாக்டர்கள் இல்லை. அவர்களிடம் மாத்திரை கேட்காதீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை 'நிறுத்திவிடு' என்று அங்கே யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

2. எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மறுவாழ்வு மையம் வேறு, மீட்டிங் வேறு. மையம் என்றால் அங்கே தங்க வேண்டும், தனியார் என்றால் பணம் கட்ட வேண்டும். மீட்டிங் என்றால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். சிலருக்கு இரண்டும் தேவைப்படும்.

கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பது மையங்களின் விளம்பரங்கள். 'இலவச ஆலோசனை' என்று போட்டிருக்கும் எண்ணை அழுத்தினால், அன்று மாலைக்குள் நாலைந்து இடத்திலிருந்து போன் வரும். வண்டி அனுப்புகிறோம், ஆளைத் தூக்கி வந்துவிடுகிறோம் என்பார்கள். பயந்துபோன குடும்பம் சம்மதித்துவிடும். அப்படி இழுத்துப் போகப்பட்டவர் அப்புறம் மீட்டிங் என்ற சொல்லைக் கேட்டாலே ஓடுகிறார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மையம் தேவை என்று மருத்துவர் சொன்னால், அது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். சான்றிதழைக் காட்டத் தயங்கும் இடத்துக்கு ஆளை அனுப்பாதீர்கள்.

ஏ.ஏ.வை அடையாளம் காண்பது சுலபம். சேரக் கட்டணம் இல்லை, படிவம் இல்லை, முழுப் பெயர் கேட்பதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. செலவுக்கு உறுப்பினர்களே காசு போட்டுக்கொள்வார்கள், வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. அட்மிஷன் என்றோ பேக்கேஜ் என்றோ யாராவது பேச்செடுத்தால் அது ஏ.ஏ. இல்லை.

3. யாருக்காகத் தேடுகிறீர்கள்?

குடிப்பவருக்கு ஏ.ஏ. அவரால் அவதிப்படும் மனைவி, அம்மா, அண்ணன் தம்பிக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அல்-அட்டீன். வீட்டுக்காரர் வர மறுத்தாலும் மனைவி மட்டும் அல்-அனானுக்குப் போகலாம், போக வேண்டும் என்பேன். அவர் திருந்திய பிறகுதான் நமக்கு நிம்மதி என்று காத்திருந்தே பத்து வருடத்தைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் அடிதடி என்றால் மீட்டிங் அதற்குத் தீர்வாகாது. பெண்களுக்கான 181 எண்ணை முதலில் கூப்பிடுங்கள்.

4. போன் எண்ணைப் பிடிப்பது

ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் ஊர் வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். உதவி எண்ணும் அங்கேயே இருக்கும். தேடும்போது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இந்தியா' என்று முழுப் பெயரையும் போடுங்கள். 'குடி நிறுத்த மதுரை' என்று போட்டால் மேலே சொன்ன விளம்பரங்களில்தான் போய் விழுவீர்கள்.

இணையம் பழக்கமில்லை என்றால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் மருத்துவரிடமோ சமூகப் பணியாளரிடமோ கேளுங்கள். சிகிச்சை முடித்து அனுப்புகிறவர்கள் என்பதால், உள்ளூர்க் குழுவில் யாரையாவது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். 14416 டெலி மானஸ், மனநல உதவிக்கு 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். இரண்டுக்கும் காசு இல்லை. நள்ளிரவில் மனம் உடைந்துபோய், விடியும்வரை தாங்காது என்று தோன்றினால் 14416ஐ உடனே கூப்பிடுங்கள்.

எண் கிடைத்ததும் நேராகக் கிளம்பிவிடாதீர்கள். பழைய பட்டியலை நம்பி, தெப்பக்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். பள்ளியில் பரீட்சை நடந்ததால் அந்த மாதம் கூட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். பெரிய மனப் போராட்டத்துக்குப் பிறகு ஒருவர் கிளம்புகிறார். பூட்டிய கதவைப் பார்த்தால் அவர் நேராக எங்கே போவார் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் அடுத்த படி.

5. போன் பண்ணுங்கள். குடிப்பவரே பேசட்டும்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் நின்றுவிடுகிறார்கள். மனைவியோ மகளோ பேசினால் மறுமுனையில் பொறுமையாகக் கேட்பார்கள். கடைசியில், 'அவரையே ஒரு தடவ பேசச் சொல்லுங்கம்மா' என்பார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இன்னொருவர் முடிவு செய்து அனுப்பிய ஆள், அந்த இன்னொருவருக்காக இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார். வாயைத் திறந்து தானே கேட்டவர்தான் நிற்கிறார்.

குடும்பத்தார் செய்யக் கூடியது, எண்ணை அழுத்தி போனைக் கையில் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போவது. பக்கத்தில் நின்று 'எல்லாத்தையும் சொல்லுங்க' என்று தூண்டினால் அவர் பேச மாட்டார்.

எப்போது பேசுவது? காலை நேரம் நல்லது. டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்னால் தலை தெளிவாகவும் மனம் குற்ற உணர்வோடும் இருக்கும். இரவில் போதையில் அழுதுகொண்டு பேசியது காலையில் நினைவில் இருக்காது.

என்ன சொல்வது என்று தெரியாமல் பலர் போனை வைத்துவிடுகிறார்கள். இவ்வளவு போதும்:

'அண்ணே வணக்கம். நான் மதுரைலதான் இருக்கேன். தினமும் குடிக்கிறேன், நிப்பாட்டணும். மீட்டிங் எங்க நடக்குதுண்ணே?'

எதிர்முனையில் அநேகமாக, 'நானும் குடிச்சு அழிஞ்சவன்தாம்ப்பா, கூச்சப்படாத. எந்த ஏரியா? இன்னைக்குக் குடிச்சிருக்கியா?' என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லலாம். அந்தக் கேள்வி, உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

பேசும்போதே இவற்றைக் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணி, கட்டடத்துக்கு எந்த வழியாக உள்ளே போக வேண்டும், வாசலில் யார் நிற்பார். கடைசிக் கேள்விதான் முக்கியம். 'வாசல்ல நீங்க நிப்பீங்களாண்ணே?' என்று கேட்டுவிடுங்கள். புதிதாக வருபவருக்காகப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து நிற்பவர்கள் இவர்கள். வெளியே வரவே முடியாத நிலை என்றால், நீங்கள் சம்மதித்தால், இரண்டு பேராக வீட்டுக்கே வந்து பேசுவதும் உண்டு.

போன் எடுக்கவில்லையா? அவரும் வேலைக்குப் போகிறவர்தான். மதிய உணவு நேரத்தில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை முயலுங்கள். அடுத்த எண்ணும் கையில் இருக்கட்டும்.

6. எந்த மீட்டிங், எந்தக் கிழமை?

வீட்டுக்குப் பக்கம் என்று தேடுவதை விட, உங்களுக்கு ஆபத்தான நேரத்தில் நடப்பதைத் தேடுங்கள். கட்டட வேலை, லோடு வேலை பார்ப்பவர்களுக்கு சனிக்கிழமை கூலி. கையில் காசோடு சாயங்காலம் ஆறு மணி என்பது தாண்டவே முடியாத நேரம். அவர்கள் முதலில் போக வேண்டியது சனிக்கிழமை மீட்டிங். ஞாயிறு மதியம்தான் ஆரம்பிப்பேன் என்பவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கேட்க வேண்டும்.

'நம்ம தெருக்காரன் பார்த்துட்டா?' என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அண்ணா நகர்க்காரர் பழங்காநத்தம் பக்கம் போகலாம், திருப்பரங்குன்றத்துக்காரர் நகருக்குள் வரலாம், தவறே இல்லை. தெரிந்தவர் அங்கே உட்கார்ந்திருந்தாலும், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். யார் வந்தார், என்ன பேசினார் என்பது அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர்களுடைய அடிப்படை ஒழுங்கு.

கூட்டத்தில் இரண்டு வகை உண்டு. திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். மூடிய கூட்டம், குடிப்பழக்கத்தை விட விரும்புபவர்களுக்கு மட்டும். துணைக்கு ஆள் வருவதாக இருந்தால் எது என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் துணைக்கு வந்தவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். பெண்கள், அங்கே வேறு பெண்கள் வருகிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் பெண்களுக்கான ஆன்லைன் கூட்ட விவரத்தைக் கேளுங்கள்.

சர்ச் வளாகத்தில் நடக்கிறது என்றதும் மதம் மாற்றிவிடுவார்களோ என்று சிலர் பின்வாங்குகிறார்கள். அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான். குடியை விட ஏ.ஏ. சொல்லும் வழிமுறைக்கு 12 படிகள் என்று பெயர். அதில் கடவுள் பேச்சு வரும், ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள். மீனாட்சியைக் கும்பிடுகிறவரும், தொழுகிறவரும், சாமியே இல்லை என்பவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

7. போகிற அன்று

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பசியும் களைப்பும் சேர்ந்தால் குடிக்கும் ஆசை இரட்டிப்பாகும். வழக்கமான கடை இருக்கும் வழியாகப் போகாதீர்கள், பஸ் மாறிப் போனாலும் பரவாயில்லை. பஸ் கட்டணமும் கொஞ்சம் சில்லறையும் போதும், மீதிப் பணத்தை வீட்டில் வைத்துவிடுங்கள். சித்திரைத் திருவிழா நாள்களில் கோரிப்பாளையத்தைத் தாண்டுவதே பெரும்பாடு, ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும்.

குடித்துவிட்டீர்கள், ஆனாலும் போக வேண்டும் என்றிருக்கிறது. அந்த அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். பேசாமல் உட்கார்ந்து கேட்க முடியும் என்றால் பெரும்பாலும் வரச் சொல்வார்கள். வண்டியை மட்டும் எடுக்காதீர்கள்.

8. உள்ளே என்ன நடக்கும்

சாதாரண வகுப்பறை மாதிரி ஓர் அறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கொண்டுவந்த பேனரைக் கரும்பலகை மேலே கட்டியிருப்பார்கள், முடிந்ததும் சுருட்டி எடுத்துப்போவார்கள். பேப்பர் கப்பில் டீ வரும். கை நடுக்கத்தில் டீ சிந்துமே என்று புதியவர் வேண்டாம் என்பார். பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் சொல்லாமல் பாதி கப் மட்டும் ஊற்றி நீட்டுவார். அவருக்கும் ஒரு காலத்தில் நடுங்கிய கைதான்.

ஒவ்வொருவராக, 'என் பெயர் இது, நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார்கள். நடுவில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வந்தால், 'இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்' என்று சொல்லலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். காசுத் தட்டு வந்தால் முதல் நாள் நீங்கள் போட வேண்டியதில்லை. போட்டோ எடுக்கக் கூடாது.

புதியவர்கள் செய்யும் தவறு, 'இவர் அளவுக்கு நான் குடிக்கலையே' என்று ஒப்பிட்டுக்கொண்டே கேட்பது. அளவை விட்டுவிட்டு, அவர் சொல்லும் பயம், பொய், அவமானம் எங்கே உங்களோடு ஒத்துப்போகிறது என்று கேளுங்கள்.

9. முடிந்தவுடன் ஓடாதீர்கள்

பாதிப் பயன் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று பேருடைய எண்ணை வாங்குங்கள், தாளில் எழுதுங்கள். அன்று இரவே ஒருவருக்கு 'வீடு வந்து சேர்ந்துட்டேண்ணே' என்று பேசிவிடுங்கள். சும்மா பேசிப் பழகியவருக்குத்தான் குடிக்கத் தோன்றும் நேரத்தில் கூப்பிட வாய் வரும்.

ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழு. 90 நாளில் 90 மீட்டிங் என்று ஏ.ஏ.வில் சொல்வார்கள். அவ்வளவு முடியாவிட்டாலும் முதல் மாதத்தில் அடிக்கடி போங்கள். வழிகாட்ட ஸ்பான்சர் ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அவசரப்படாமல், பல மாதமாகக் குடிக்காமல் இருப்பவராக, ஆண் என்றால் ஆணாக, பெண் என்றால் பெண்ணாகப் பார்த்துக் கேளுங்கள். மீட்டிங்கில் பழகியவரிடம் கடன் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். பணம் இடையில் வந்ததும் கூட்டத்துக்கு வருவது நின்றுபோகிறது.

10. கிராமத்தில் இருந்தால்

பேரையூர், எழுமலை பக்கமிருந்து மாலை மீட்டிங்குக்கு வந்தால் திரும்பப் பஸ் கிடைப்பதுதான் பிரச்சினை. ஞாயிறு பகலில் ஏதாவது கூட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை நேரில், மற்ற நாள்களில் ஜூம் வழியாகத் தமிழ்க் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். கேமராவை அணைத்து வைக்கலாம், பெயரை மாற்றி வைக்கலாம். ஆனால் முதல் கூட்டம் நேரில் இருப்பது நல்லது. திரையில் பார்த்த முகத்துக்கு ஆபத்தான நேரத்தில் போன் போடக் கை வராது.

11. வீட்டில் உள்ளவர்களுக்கு

சுவரில் எழுதியிருக்கும் 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து' பக்கம் போகவே போகாதீர்கள். குடியை விட வைக்கக் கொடுக்கும் டைசல்ஃபிராம் போன்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அது மருத்துவர் கண்காணிப்பில், சாப்பிடுபவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து.

மீட்டிங் போய் வந்தவரை 'என்ன பேசினாங்க, யார் வந்தாங்க?' என்று துருவாதீர்கள். வாயை முகர்ந்து பார்க்காதீர்கள். சாப்பாடு எடுத்து வைத்து, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று மட்டும் கேளுங்கள்.

12. நடுவில் குடித்துவிட்டால்

பலருக்கு நடக்கிறது. அடுத்த நாள் காலையில் அந்த அண்ணனுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லிவிட்டு, அன்று மாலைக் கூட்டத்துக்கே போங்கள். ஒரு வாரம் கழித்துப் போகலாம் என்று தள்ளினால் அது ஆறு மாதமாகிவிடும். ஆனால் பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டு மறுபடி நிறுத்துகிறீர்கள் என்றால், நடுக்கமும் வலிப்பும் முன்னை விடக் கடுமையாக வரலாம். அப்போது மீட்டிங்குக்கு முன்னால் பெரியாஸ்பத்திரிக்கு, முதல் படிக்கே போக வேண்டும்.